வேறு மோட்டாரின் ஃபோர்க்

இரண்டு வாரங்களுக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ரந்தாவ் டவுன் சர்ச் வாசல். பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன் என் தோளைத் தட்டினார்.

"ஸ்டெல்லாவுக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்களாமே! இப்பத்தான் எங்களுக்கு மூச்சே வந்துச்சு."

நானும் சிரித்துத் தலையாட்டினேன். எதற்குத் தலையாட்டுகிறேன் என்று எனக்கே தெரியாது.

ஸ்டெல்லா என் மனைவி. அவளுக்கு என்ன ஆயிற்று என்பதை அண்ணனிடமே பேச்சுக் கொடுத்துக் கறக்க வேண்டியிருந்தது. கழுத்தில் சின்னதாக ஒரு கட்டியாம். கிளினிக்கில் காட்டி, செரம்பான் பெரியாஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுத்து, ஊசி குத்திச் சோதித்து, ரிசல்ட் வரும்வரை பயந்து நடுங்கி... கடைசியில் பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்களாம். எல்லாவற்றுக்கும் கூடப் போனவர் அண்ணனின் மனைவி மேரி அக்கா. ஜெபம் செய்தது பாதி சர்ச்.

தெரியாத ஒரே ஆள் — கட்டின புருஷன்.

கோபம் தலைக்கேறியது. என் பெண்டாட்டி விஷயம் ஊருக்கெல்லாம் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லையா? யாரைப் பிடித்துக் கத்தலாம் என்று யோசித்தபடி என் மோட்டார் சைக்கிளிடம் வந்து நின்றேன். முன் சக்கரத்தின் குலுக்கலைத் தாங்க, பளபளவென்று, தடியாக, ஒரு ஜோடி ஃபோர்க்.

கத்த வேண்டிய ஆள் யார் என்று அப்போதே விளங்கிவிட்டது.

உங்களுக்கு விளங்கவில்லையா? சொல்கிறேன்.

எங்கள் வீடு எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. மெயின் ரோட்டைப் பிடிக்க, செம்பனை மரங்களுக்கு நடுவே செம்மண் பாதையில் நெடுந்தூரம் போக வேண்டும். பழக்குலை ஏற்றிய லாரிகள் ஓடி ஓடி அந்தப் பாதையைக் குண்டும் குழியுமாக்கி வைத்திருக்கின்றன. என் கிழட்டு மோட்டாரின் முன் ஃபோர்க் எண்ணெய் கசிந்து செத்துப்போயிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் 'டொக்' என்று மணிக்கட்டில் அடிக்கும். ஊர்ந்துதான் போக முடியும்.

ஊர்ந்து போகிற அந்த நேரத்தில்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம்.

ஸ்டெல்லா பின்னால் உட்கார்ந்து, என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, காதோரம் பேசிக்கொண்டே வருவாள். மகன் போனில் என்ன சொன்னான், எந்த வீட்டில் என்ன சண்டை, பகாவ் ஊரில் இருக்கும் தங்கச்சி ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள்... எல்லாம் வரும். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியைப் படித்து நீங்கள் வயிறு குலுங்கச் சிரித்ததாக எழுதுகிறீர்களே — அதில் பாதி என் முதுகுக்குப் பின்னால் இருந்து வந்த சரக்கு. நான் தட்டச்சு செய்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் பேச மாட்டீர்களா என்று கேட்பீர்கள். பேசுவோமே! கேஸ் தீர்ந்துவிட்டது. மழை வருகிறது, துணியை எடுங்கள். சோறு போடவா? இதற்கு மேல் போகாது. நான் லேப்டாப் முன்னால், அவள் அடுப்பு முன்னால். கல்யாணமாகிப் பல வருஷம் ஆன வீடுகளில் போய்ப் பாருங்கள், இதே கதைதான்.

முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத விஷயங்கள் சில இருக்கின்றன. முதுகைப் பார்த்துச் சொல்லிவிடலாம். திருமணத்தைப் பற்றி எத்தனையோ எழுதியிருக்கிறேன். இதை மட்டும் இவ்வளவு தாமதமாகக் கண்டுபிடித்தேன்.

சரி, ஃபோர்க்குக்கு வருகிறேன்.

கசிவைத் தடுக்கும் ஆயில் சீல் ரப்பரை மாற்றியிருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் நான் வீடியோ பார்த்துவிட்டேன். பெரிய மாடல் மோட்டாரின் ஃபோர்க்கைக் கழற்றிச் சின்ன மோட்டாரில் போட்டு, பள்ளத்தில் மிதந்து போகிறான் ஒருவன். இந்த வயதில் உனக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஆசைக்கு என்ன வயது?

டவுனில் எனக்குப் பழக்கமான மோட்டார் கடை ஆ ஹோக்குடையது. தோட்டத்து மளிகைக் கடையில் வளர்ந்த சீனர். தமிழில் என் மகனைவிடச் சரளம். பெரிய மாடலில் இருந்து கழற்றிய ஃபோர்க் ஒரு ஜோடி அவரிடம் இருந்தது. என் மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கேட்டார்.

"அண்ணே, பின்னால ஆள் ஏறுமா? ஏறும்னா இது வேணாம் லா. இது நீளம். முன்னாடி தூக்கிக்கும். பின்னால உக்கார்றவங்க வழுக்கிக்கிட்டே போவாங்க."

"யாரும் ஏற மாட்டாங்க லா. நான் மட்டும்தான்."

பொய் சொல்ல வேண்டும் என்று திட்டம் போடவில்லை. ஃபோர்க் கையை விட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் வாய் முந்திக்கொண்டது. திரும்பினால், எதிர்க்கடையில் பையில் கட்டி வாங்கிய தே ஐஸ், அதாவது ஐஸ் போட்ட தேநீர்ப் பொட்டலங்களைக் கையில் பிடித்தபடி ஸ்டெல்லா நிற்கிறாள்.

என் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள். நானும் வாங்கி உறிஞ்சினேன். அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சும்மா சொன்னேன்டி" என்றாவது சொல்லியிருக்கலாம். அது தோன்றவில்லை பாருங்கள்.

ஃபோர்க் ஏறியது. சத்தியமாகச் சொல்கிறேன், அற்புதம்! பள்ளம் இருந்த இடமே தெரியவில்லை. ஸ்டெல்லா ஒரே ஒரு தடவை ஏறினாள். வழி முழுக்கப் பின்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். பேச்சே இல்லை. அடுத்த ஞாயிறு வாசலில் நின்று சொன்னாள்.

"நீங்க போங்க. நான் மேரி அக்கா காடியில வர்றேன்."

மேரி அக்காவின் கார் குளுகுளுவென்று இருக்கும், அதனால் போகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். இன்னும் கேவலமான உண்மை ஒன்று உண்டு: எனக்கு அது வசதியாக இருந்தது. பின்னால் பாரம் இல்லை, பேச்சு இல்லை. பறந்தேன். வாராவாரம் அவர்களுக்கு முன்னாடியே சர்ச் போய்ச் சேர்ந்து, வாசலில் நின்று பெருமையாகக் கை வேறு அசைத்தேன்.

அந்த வாரங்களில்தான் அவள் கழுத்தில் கட்டி இருந்திருக்கிறது.

அந்தோணி அண்ணன் விஷயத்தைச் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். சத்தமாகத்தான் ஆரம்பித்தேன். "ஏன்டி என்கிட்ட சொல்லல?"

அவள் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "எப்ப சொல்றது? மோட்டார்ல வரும்போதுதானே உங்ககிட்ட எதாச்சும் சொல்லுவேன்."

"வீட்ல சொல்லக்கூடாதா?"

"ஆரம்பிச்சேன். ரெண்டு தடவ. 'இரு இரு, இத முடிச்சுக்கறேன்'னீங்க. சரி, கட்டுரைதானே முக்கியம்னு விட்டுட்டேன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் சண்டை போட்டுத் தப்பித்திருப்பேன். கோபமே இல்லை. கையை நீட்டி அவள் கழுத்தைத் தொட்டேன். ஊசி குத்திய இடம் ஆறிவிட்டிருந்தது. அவள் பயந்து கிடந்த ராத்திரிகளில் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். குறட்டை விட்டுக்கொண்டு.

மறுநாளே ஆ ஹோக்கிடம் ஓடினேன். பழைய ஃபோர்க்கைத் திருப்பிப் போட வேண்டும்.

"பழசா? அது அப்பவே பெசி புரோக்குக்காரன்கிட்ட போயிருச்சே அண்ணே." பழைய இரும்புக்காரன் லாரியில் ஏறிவிட்டதாம். என் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, "சரி, இதையே கிளாம்ப்ல மேல தள்ளி, முன்பக்கத்த இறக்கித் தர்றேன். ஆள் உக்காரலாம்" என்றார்.

இறக்கித் தந்தார். பின் சீட்டை நானே துடைத்துவிட்டு, ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். உட்கார்ந்து பார்த்தாள். வழுக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா மேரி அக்கா எனக்காகவே காடிய நிறுத்துறாங்க. திடீர்னு வரலன்னா மனசு கஷ்டப்படுவாங்க. பார்ப்போம்."

பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று கல்யாணமானவர்களுக்குத் தெரியும்.

போன ஞாயிறு நான் முந்தவில்லை. அந்தோணி அண்ணனின் காருக்குப் பின்னாலேயே, புழுதியைத் தின்றுகொண்டு, மெதுவாகப் போனேன். காரின் பின் கண்ணாடி வழியே ஸ்டெல்லா தெரிந்தாள். மேரி அக்கா பக்கம் திரும்பி, கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் ஒருமுறை விழுந்து விழுந்து சிரித்தாள்.

என்ன சொல்லியிருப்பாள்?