மீன் வாடை

கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகளுக்காகப் பொத்தேரியில் அறை பார்க்கப் போனேன். ஏ.சி.யைப் போட்டுக் காட்டிய வீட்டுக்காரர் மூக்கைச் சுளித்தார். "முன்னாடி இருந்த பசங்க மீன் வறுத்திருக்காங்க சார். ஊதுபத்தி ஏத்தினா போயிடும்."

நான் மறுபடி முகர்ந்து பார்த்தேன்.

பத்து வயதில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு மாடியில் வாடகைக்கு இருந்தோம். அசைவம் சமைக்க மாட்டோம் என்று சொல்லித்தான் அந்த வீடு கிடைத்தது. கோடை முழுக்க, கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மா மேலே ஏறிவந்து, கேட்காமலே எங்கள் சட்டிகளைத் திறந்து முகர்வார். "மீன் வாடை கீழ வரைக்கும் அடிக்குது."

"சத்தியமா இல்லைக்கா" என்று அம்மா அழுவாள். வாடை எனக்கும்தான் அடித்தது. எங்களுக்குத் தெரியாமல் அம்மா வறுத்துத் தின்கிறாளோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன்.

காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். நாங்கள் போனதும் வீட்டுக்கார அம்மாவே மாடிக்குக் குடிவந்தார். எங்கள் ஃப்ரிட்ஜ் இருந்த இடத்தில் அந்த அம்மா தன் ஃப்ரிட்ஜைக் கொண்டுவந்து அதே பிளக்கில் மாட்டினார். ஒரு மத்தியானம் அந்த அறை பற்றி எரிந்தது. உள்ளே தூங்கிக்கொண்டிருந்த அவரைக் காப்பாற்ற முடியவில்லை.

துக்கம் கேட்கப் போன அப்பாவிடம் எலக்ட்ரீஷியன் சொன்னாராம்: "பிளக் பாயிண்ட் ரொம்ப நாளா சூடாகிட்டே இருந்திருக்கு சார். அந்த பிளாஸ்டிக் கருகினா மீன் வாடைதான் வரும்."

ஏ.சி. பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்தேன். சுட்டது.

"முதல்ல ஏ.சி.யை நிறுத்துங்க!"

"குளிருதா சார்?" என்று சிரித்தபடி வீட்டுக்காரர் ஊதுபத்திக்காகத் தீக்குச்சியை உரசினார்.