மாரியம்மன் வாங்கிக்கொண்ட ஒரு சொட்டு

தாயை நம்பியிருக்கும் உங்கள் எல்லோருக்கும் என் கும்பிடு. 1962-இல் என் தாலி ஊசலாடியது. அதை அப்படியே சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் கீரனூரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். தை மாதம் விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். படுக்கையிலேயே கிடந்ததில் கால் வீங்கிப் பானை மாதிரி ஆகிவிட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில், காலில் இரத்தம் கட்டியிருக்கிறது, அது நகர்ந்து நெஞ்சுக்குப் போனால் ஆபத்து என்றார்கள். அங்கேயே நின்று, "ஆத்தா, இவரை நடக்க வச்சிரு, பங்குனியில இவரு ஒனக்கு அலகு குத்துவாரு" என்று வேண்டிக்கொண்டேன்.

இரத்தத்தை இளக்கும் மாத்திரை கொடுத்தார்கள். தினம் ஒரே நேரத்தில் போட வேண்டும், மறந்தால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது, தவறாமல் வந்து இரத்தம் சோதிக்க வேண்டும், கேட்காமல் வேறு மருந்து தொடக் கூடாது என்றார் டாக்டர். வீக்கம் வடிந்தது. கோலூன்றி நடக்கத் தொடங்கினார்.

பங்குனி நெருங்கவும்தான் எனக்கு உறைத்தது. இளகிய இரத்தத்தோடு கன்னத்தில் அலகு குத்தினால் என்ன ஆகும்?

"என்னங்க, டாக்டரைக் கேட்டுட்டுக் குத்துவோங்க" என்றேன்.

"ஆத்தாவுக்கு டாக்டர் உத்தரவு போடணுமாக்கும்? நேந்தது நீதானே? பேசாம இரு!"

அவர் பிடித்தால் உடும்புப்பிடி. காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது; திருச்சிக்கும் போக முடியாது. குத்தினால் அவர் உயிர், குத்தாவிட்டால் சாமி குற்றம். "வாயை விட்டவ நான். தண்டிக்கிறதா இருந்தா என்னைத் தண்டி, தாயே. அவருக்கு நீயே சொல்லு" என்று அழுதேன்.

காப்புக் கட்டும் நாள் காலையில் அவர் சவரத்துக்கு உட்கார்ந்தார். முகவாயில் கத்தி லேசாகப் பட்டது. எள்ளளவு கீறல்தான். படிக்காரம் வைத்தும் நிற்கவில்லை. துண்டு நனைந்தது. ஈறிலும் இரத்தம் கசிவதைப் பார்த்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ஏண்டி, இதுக்கே இப்படின்னா..." என்றவர் எழுந்து சட்டையை மாட்டினார். கீறலை அழுத்திப் பிடித்தபடி அடுத்த பஸ்ஸில் திருச்சி போனோம்.

சோதித்துப் பார்த்த டாக்டர், "இரத்தம் ரொம்ப இளகிப் போச்சு. வேற ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார்.

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "பல்லுவலிங்க. பெட்டிக்கடையில தலைவலி மாத்திரை வாங்கித் தினமும் போட்டேங்க" என்றார். எனக்கே தெரியாது! அந்த மாத்திரையும் இரத்தத்தை உறையவிடாதாம். அலகு குத்தியிருந்தால் பிழைப்பது கஷ்டம் என்றார் டாக்டர். அங்கேயே தங்க வைத்து, மறுபடி சோதித்து, அளவைக் குறைத்து அனுப்பினார்.

ஊர் திரும்பியதும் நேரே கோயிலுக்குப் போனோம். பூசாரியிடம் எல்லாவற்றையும் சொல்லி, சாமி குற்றமாகுமா என்று கேட்டேன். அவர் என் வீட்டுக்காரரின் முகவாயைத் திருப்பிக் கீறலைப் பார்த்தார்.

"அவ வாங்க வேண்டியத வாங்கிட்டா தாயி. இனி குத்துறதுக்கு என்ன இருக்கு? பால்குடம் எடுக்கச் சொல்லு" என்று கீறலில் திருநீறு பூசினார். நான் வாய்விட்டு அழுதேன்.

அந்தப் பங்குனியில் கோலூன்றியே பால்குடம் எடுத்தார். டாக்டர் நிறுத்தச் சொல்லும்வரை ஒரு வேளைகூட மாத்திரையை விடவில்லை. பல் வலித்தாலும் முதலில் டாக்டரைத்தான் கேட்பார். எனக்கும் புத்தி வந்தது. இப்போது நேர்ந்துகொண்டால் மாவிளக்கோடு சரி.

பயம் வந்தால் அவளிடம் அழுங்கள். அவள் கேட்பாள். ஆனால் டாக்டர் சொன்னதையும் தட்டாதீர்கள். அந்தத் தழும்பு இன்னும் அவர் முகவாயில் இருக்கிறது. தினம் காலையில் விளக்கேற்றியதும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன்.