காசம் இல்லாத காசக்காரி

என் தொண்டை கட்டிப்போனதில் என் புருஷனுக்குக் கொண்டாட்டம். "இன்னாடி, ஆம்பள குரலு வந்துடுச்சி, மீசை எப்ப?" என்று படகுக்காரர்கள் முன்னால் என்னைப் போலவே கரகரத்துப் பேசிக் காட்டினான். நானும் சிரித்துத் தொலைத்தேன். ஏரியில் இறால் தடவுகிறவளுக்குத் தொண்டை கட்டுவது ஒரு விஷயமா?

குரல் திரும்பவில்லை. மூச்சும் வாங்க ஆரம்பித்தது. குடத்தோடு நாலு எட்டு வைத்தால் விசில் அடித்தது. காசம்தான் என்று ஊரே முடிவு கட்டியது. பொன்னேரி ஆஸ்பத்திரியில் சளியைச் சோதித்து, எக்ஸ்ரே எடுத்து, காசம் இல்லை, ஆஸ்துமாவாக இருக்கும் என்று உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். என் மாமியாருக்கு டாக்டரைவிட அதிகம் தெரியும். "காசக்காரிகிட்ட புள்ளைய வுட்டா வெளங்குமா?" என்று என் மகளைத் தூக்கிப்போய் பசியாவரத்தில் நாத்தனார் வீட்டில் விட்டாள். பால் மறந்து ஒரு வருஷம்கூட ஆகாத குழந்தை. எனக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. அந்தக் கிழவியை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை.

மூச்சடைத்து விழுந்த பிறகுதான் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். எதையாவது முழுங்கினாயா என்று கேட்டவர்களிடமெல்லாம் இல்லை என்றே சொல்லியிருந்தேன். சென்னை ஆஸ்பத்திரி டாக்டரம்மா மட்டும், "இறால் எப்படிப் பிடிப்பீங்க, செஞ்சு காட்டுங்க" என்றார். கழுத்தளவு தண்ணீரில் இரண்டு கையாலும் சேற்றைத் தடவ வேண்டும். அதனால் பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, பிடித்ததை அதில் போடுவோம். காட்டினேன்.

"வாய்கிட்டயே உயிரோட துள்ளுமா?"

அப்போதுதான் ஞாபகம் வந்தது. தொண்டை கட்டுவதற்கு முந்தி ஒருநாள் அலை முகத்தில் அடிக்க, ஓர் இறால் துள்ளி வாய்க்குள் வந்தது. கடித்துத் துப்பி, கண் பிதுங்க இருமிவிட்டு, மறுபடி தடவப் போய்விட்டேன். எங்களில் புரையேறாதவள் யார்? அதைப் போய் டாக்டரிடம் எவள் சொல்வாள்?

குழாய் விட்டுப் பார்த்து, குரல்வளைக்குள் குத்தி நின்ற இறால் கொம்பை, அதன் தலை முள்ளை, எடுத்தார். வெட்டிப்போட்ட நகத்துண்டு அளவுதான். "இத்துக்கா இவ்ளோ ஆட்டம் ஆட்ன?" என்று புருஷன் சிரித்தான்.

புண் ஆறிக் குரல் வந்ததும் முதல் வேலையாகப் படகேறிப் பசியாவரம் போனேன். மகள் வாசலில் நண்டு ஓட்டை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். "கண்ணு" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தவள், சொல்லிக்கொடுத்தபடியே பாவாடையைத் தூக்கி மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"அத்த, நோய்க்காரி வந்துடுச்சி!"