நான் அழிக்காத பென்சில் கோடு

கச்சேரி நடுவில் சோலோயிஸ்ட் வயலின் வில்லைக் கீழே இறக்கியதை, ஆர்கெஸ்ட்ரா லைப்ரரியனாக என் இருபத்திரண்டு வருட வேலையில் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் நான். ஆர்கெஸ்ட்ரா லைப்ரரிக்குப் புதிதாக வந்திருக்கும் வாலண்டியர்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். பார்ட்டை, அதாவது ஒவ்வொருவரும் பார்த்து வாசிக்கிற நோட்ஸை, எப்படி அடுக்குவது என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்வீர்கள். ஆகவே இதை எழுதுகிறேன்.

1. நம்ம பொண்ணு

எங்களுடையது டாக்டர்களும் டீச்சர்களும் சாஃப்ட்வேர்காரர்களும் வேலை முடிந்து வந்து வாசிக்கிற ஆர்கெஸ்ட்ரா. ஒவ்வொரு சீசனிலும் ஒரு கெஸ்ட் சோலோயிஸ்ட் வெளிநாட்டிலிருந்து வருவார். ஏர்போர்ட்டுக்குக் கார் போகும், பூங்கொத்து போகும், முழுசாக இரண்டு ரிகர்சல் கிடைக்கும். அந்த வருடம் கமிட்டி ஒரு பரிசோதனை செய்தது. உள்ளூரிலேயே ஒருவரை அழைப்போம், சரியாக வந்தால் வருடத்துக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்வோம் என்றார்கள்.

வந்தவள் கௌதமி. எங்கள் ஊர் மர்பி டவுன் பெண், ஸ்கூலில் வயலின் கற்றுக்கொண்டவள். அம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. கௌதமிக்குக் காரும் இல்லை, பூங்கொத்தும் இல்லை. ரிகர்சலும் ஒன்றுதான். 'நம்ம பொண்ணுதானே, அட்ஜஸ்ட் பண்ணிக்கும்' என்று கமிட்டியில் சொன்னது வேறு யாருமில்லை, அவளைப் போலவே இதே ஊரில், ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்த நான்தான்.

போன சீசனில் ஒரு வெளிநாட்டுக்காரர் வாசித்த அதே மூன்று பகுதி வயலின் கான்செர்டோவைத்தான் அவளும் வாசிக்க இருந்தாள். அவர் கடைசிப் பகுதியான ஃபினாலேயில் ஒரு நீளமான இடத்தை விட்டுவிட்டுத் தாண்டியிருந்தார். இதற்குக் 'கட்' என்று பெயர். கண்டக்டரின் ஸ்கோரிலும் எல்லாருடைய பார்ட்டிலும் அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அடுத்து வருகிறவர் முழுசாக வாசிக்க விரும்பினால், லைப்ரரியன் ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து ஒன்று விடாமல் அழிக்க வேண்டும். கண்டக்டருக்கும் சொல்லிவிட வேண்டும். இதைத்தான் 'கட்டை ஓப்பன் செய்வது' என்போம்.

கௌதமி என் வீட்டுக்கே வந்து, கட்டை ஓப்பன் செய்யச் சொல்லி, எந்தத் தாளக்கட்டிலிருந்து எதுவரை என்று பார் நம்பரோடு ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். முழுசாக வாசிக்க வேண்டுமென்று ஆறு மாதமாகப் பிராக்டிஸ் செய்கிறாளாம். சீட்டைக் கறுப்பு ஃபோல்டருக்குள் வைத்தேன். வெளிநாட்டுக்காரர் ஈமெயிலில் கேட்டிருந்தால் அன்று மாலையே உட்கார்ந்திருப்பேன். இவள் கேட்டதால், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ரிகர்சலில் முதல் இரண்டு மூவ்மெண்டுக்கே நேரம் சரியாகிவிட்டது. ஃபினாலே எல்லாருக்கும் பழகினதுதானே என்று கண்டக்டர் முடித்துக்கொண்டார். கௌதமி என் மேசைக்கு வந்து கட் விஷயம் ஆயிற்றா என்று கேட்டாள்.

"எல்லாம் ஆச்சும்மா. நீ பேஜார் பண்ணிக்காம வாசி" என்றேன்.

செய்துவிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். அப்புறம் சுத்தமாக மறந்துபோனேன்.

2. நான்கு பார்

கச்சேரி அன்று அவளுடைய அம்மா மர்பி டவுனிலிருந்து பதினைந்து பேரை அழைத்து வந்திருந்தார். இரண்டு வரிசை நிறைய பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக இருந்தது.

ஃபினாலேயில் அந்த இடம் வந்தது. ஆர்கெஸ்ட்ரா தாண்டியது, அவள் தாண்டவில்லை. நான்கு பார் வரை அவள் வாசித்ததும் ஆர்கெஸ்ட்ரா வாசித்ததும் ஒன்றோடொன்று மோதின. சைடு விங்கில் நின்றிருந்த எனக்கு முதல் பாரிலேயே புரிந்துவிட்டது. அவள் வில்லை இறக்கினாள். கண்ணை மூடி ஆர்கெஸ்ட்ராவைக் கவனித்துக் கேட்டு, இடத்தைப் பிடித்து, மறுபடி சேர்ந்துகொண்டு கடைசி வரை வாசித்தாள். அப்படிப் பிடிக்க எத்தனை பேரால் முடியும்? ஆனால் ஹாலில் இருந்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான், அந்தப் பெண் மறந்துவிட்டாள்.

க்ரீன் ரூமில் கண்டக்டர் கோபப்படவில்லை. கட் இருப்பதை மறந்துவிட்டாயா, பரவாயில்லை, யாருக்கும் நடக்கும் என்றார். கௌதமி என் பக்கம் திரும்பினாள்.

"அங்கிள், கட்டை ஓப்பன் பண்ணச் சொல்லி எழுதிக் குடுத்தேனே?"

"எங்கிட்டயா? நீ ஒண்ணும் குடுக்கலையேம்மா."

அவள் கொடுத்த சீட்டு ஃபோல்டரில் இருந்தது. ஃபோல்டர் என் கக்கத்தில் இருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு ஃபோல்டரைப் பார்த்தாள்.

"அப்ப நான்தான் மறந்திருப்பேன் சார்" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, வயலினைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

3. மினிட்ஸ்

அடுத்த கமிட்டி மீட்டிங்கில் பரிசோதனை போதும் என்று முடிவானது. மினிட்ஸ் எழுதுவதும் என் வேலைதான். 'உள்ளூர் சோலோயிஸ்டுகளுக்குப் போதிய மேடை அனுபவம் இல்லை' என்று என் கையாலேயே எழுதினேன். கையெழுத்து அழகாக இருக்கிறது என்று செக்ரட்டரி பாராட்டினார். த்தூ என்று என்னையே துப்பிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு எங்கள் மேடையில் உள்ளூர்க்காரர் யாரும் சோலோ வாசிக்கவில்லை.

4. இரண்டு வீடு

ரிடையர் ஆன மறுவாரம் கௌதமியைத் தேடிப் போனேன். எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு அபார்ட்மெண்டில் குழந்தைகளுக்கு வயலின் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சீட்டை அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

"எனக்கு அன்னிக்கே தெரியும் அங்கிள்" என்றாள். "அம்மாவுக்குத்தான் தெரியாது. நான் மேடையில மறந்துட்டேன்னுதான் இன்னும் நெனச்சிட்டிருக்காங்க. அதுக்கப்புறம் ஒரு தடவைகூட என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டதில்ல."

மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். சோலோயிஸ்ட் யாராக இருந்தாலும், கேட்டதை அன்றே செய்யுங்கள். செய்யாமலே 'ஆச்சு' என்று சொல்லாதீர்கள். தப்பு நடந்துவிட்டால் அந்த ரூமிலேயே, எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். வெளியே வந்துவிட்டால் அது வளர்ந்துகொண்டே போகும்.

அன்று கௌதமியிடமிருந்து நேரே மர்பி டவுன் போனேன். கௌதமியின் அம்மா நாற்காலி போட்டார். உட்காரவில்லை, நின்றபடியே சொன்னேன். அவருக்குக் கட்டும் தெரியாது, ஃபினாலேயும் தெரியாது. முழுசாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அப்ப எம் பொண்ணு மறக்கலையா?"

"மறக்கலைங்க."

உள்ளே போய் செல்போனை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"அவளுக்குப் போன் போட்டுக் குடுங்க. இன்னிக்கு வர்றப்ப வயலினை எடுத்துட்டு வரச் சொல்லணும்."