சிரிக்கக் கூடாத பாட்டு

மின்சாரமும் பற்றரியும் இல்லாத அந்தப் போர் நாட்களில், ஞாயிறு பின்னேரங்களில் நாங்கள் பாட்டுக் கேட்கப் போவது யாழ்ப்பாணம் கொழும்புத்துறையில் இருந்த, பட்டறையில் இரும்பு கடையும் ஒரு கடைசல்காரரிடம். பெயர் கேட்டதில்லை, எல்லோருக்கும் அவர் அண்ணை. கைகளில் சூடான இரும்புத்தூள் சுட்ட தழும்புகள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, டைனமோவைக் கசெற் றேடியோவுடன் இணைத்துவிட்டு, கண்ணை மூடியபடி பெடலைக் கையால் சுற்றுவார். எங்களைத் தொட விடமாட்டார். நாங்கள் சுற்றினால் வேகம் குறைந்து, பாடகி ஆண்குரலில் பாடத் தொடங்கிவிடுவார்.

ஒருநாள் கேட்டேன்.

"அண்ணை, கிழமை முழுக்கப் பட்டறையிலை மெசின் சுத்திறதைத்தானே பாக்கிறியள். இண்டைக்கும் உதே வேலையோ?"

"அங்கை சுத்தினால் இரும்புச் சுருள்தான் வருது. இஞ்சை பாட்டெல்லோ வருது!"

சொன்னவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கை தளர, பாடகியின் குரல் தடித்துக்கொண்டே போனது.

"ஐயோ அண்ணை, சிரியாதேங்கோ!" என்று கத்தினோம்.

உதட்டைக் கடித்துக்கொண்டார். தோள் குலுங்கியது; கை மட்டும் சீராகச் சுற்றியது. பாட்டு முடிந்த பிறகுதான் பெடலை விட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இப்போதும் ஒரு பாட்டுப் பிசகாமல் ஓடினால், அதற்குள் யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.