மாநாட்டு வாரத்தில் மாட்டிய செர்ரி

புதன்கிழமை காலை, ஆக்லாந்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் எங்கள் குளிர்கிடங்கான சில்லரில் பத்துப் பாலெட் செர்ரிப் பழம் நின்றது. அன்று மாலை ஃப்ளைட். போகவேண்டிய நாட்டிலிருந்து இறக்குமதிப் பெர்மிட் வரவில்லை.

அங்கே ஆளுவது கம்யூனிஸ்ட் கட்சி. ஐந்து வருடத்துக்கு ஒருமுறைதான் தேசிய மாநாடு. அது கூடிவிட்டால், எந்த நாற்காலி யாருக்கு என்று தெரியும்வரை ஒரு அதிகாரியும் பேனையைத் தொடமாட்டார். இருபத்திரண்டு வருடம் ஏர்ஃப்ரெய்ட் டாக்குமென்டேஷனில் இருந்த எனக்கு இது தெரியும். செந்திலுக்குத் தெரியாது. மதுரைக்காரன், சேர்ந்து எட்டு மாதம், விசாவே இந்த வேலையை நம்பித்தான்.

முந்தைய வெள்ளிக்கிழமை அவன் என் மேசைக்கு வந்தான். "அக்கா, அங்க திங்கக்கிழமை ஏதோ காங்கிரஸாம். கம்யூனிஸ்ட் ஊர்ல காங்கிரஸுக்கு என்னக்கா வேலை?"

"அது கட்சி மாநாடு, தம்பி."

"மாநாடுதானா? எங்க ஊர்ல ஒரே சாயங்காலத்துல பிரியாணியோட முடிஞ்சுரும். அப்ப தோட்டக்காரர்கிட்ட பறிக்கச் சொல்லிரட்டுமா?"

நான் வேறொரு சரக்கின் ஏர்வேபில்லில் மூழ்கிக் கிடந்தேன். "ஓம், ஓம்" என்றேன். மற்ற ஊர்களில் உம் கொட்டுவார்கள், யாழ்ப்பாணத்தார் ஓம் கொட்டுவோம். ஓம் என்றால் ஆமாதான், ஆனால் இப்படிக் கொட்டும்போது காதில் விழுகிறது என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. செந்தில் அதை ஆமாவாக எடுத்துக்கொண்டான்.

புதன் மாலை ஃப்ளைட் எங்கள் பழமில்லாமல் போனது. மேனேஜர் டேவிட் எங்கள் இருவரையும் கூப்பிட்டு, யார் பறிக்கச் சொன்னது என்று கேட்டார். "நான்தான்" என்றான் செந்தில். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. இவனை வைத்திருப்பதா என்று வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார் டேவிட்.

அதன்பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அரை மணிக்கொரு தடவை சில்லருக்குப் போய்ப் பழக்காம்பைப் பார்த்தேன். பச்சை போய்ப் பழுப்பேறிக்கொண்டிருந்தது. செந்திலின் ஃபோனில் மாநாட்டு நேரலை ஓடியது. கைதட்டல் கேட்டால் ஓடிவருவான், "முடிஞ்சிருச்சாக்கா?" என்று. முடியவில்லை. வாக்கெடுப்பு வந்தது, மண்டபம் முழுதும் ஒன்றாகக் கையைத் தூக்கியது.

"ஒருத்தர்கூட வாயத் திறக்க மாட்டாங்களா?" என்று சிரித்தான்.

எனக்குச் சுருக்கென்றது. அவர்களுக்காவது பயப்பட ஒரு கட்சி இருந்தது. எனக்கு இருந்தது கிளென் ஈடனில் வாங்கிய வீட்டின் மார்ட்கேஜ் கடனும், ஓய்வுக்கு இரண்டு வருடமும். நான் கொட்டிய ஓம் ஆமா இல்லை என்று டேவிட்டிடம் விளக்கித் தப்பலாமா என்றுகூட யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளி காலை டேவிட்டின் அறைக்குப் போனேன். "பறிக்கலாம் என்று சொன்னது நான். மாநாடு ஒரு வாரம் நடக்கும் என்று எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது" என்றேன். வார்னிங் லெட்டர் என் பெயருக்கு வந்தது, செந்திலின் வேலை தப்பியது. பழத்தில் பாதி உள்ளூர்க் கடைகளுக்குப் போனது, மீதி குப்பைக்கு.

இதைப் படிக்கும் நீங்களும் நாளைக்குச் சீனியர் ஆவீர்கள். ஒருவன் கேள்வி கேட்டால் ஸ்கிரீனிலிருந்து கண்ணை எடுத்து, அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். நான் கற்றது அவ்வளவுதான்.

அந்த வெள்ளி மாலை கார் பார்க்கில் செந்தில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏன்க்கா போய்ச் சொன்னீங்க? நான் உங்க பேரச் சொல்லியிருக்கவே மாட்டேன்."

"தெரியும், தம்பி. அதாலதான் போய்ச் சொன்னனான்."