கண் திறக்காத படம்

1. மூடிவிட்ட ஒரு வெள்ளைக்கார ஸ்டூடியோவின் படம் பதிந்த பழைய கண்ணாடித் தகடுகளை எங்கள் முதலாளி ஏலத்தில் எடுத்தார். எல்லாம் நீலகிரிக் காடுகள். போன நூற்றாண்டில் மலை பார்க்க வந்த துரைமார் வாங்கிப்போன காட்சிகள்.

2. அவற்றில் ஒன்றை அச்சிட்டு, எங்கள் மயிலாப்பூர்ப் புகைப்படக் கடையின் முகப்பில் வைத்தேன்.

3. சைதாப்பேட்டைப் பெரியவர் ஒருவர் உள்ளே வந்து, மரத்தடியில் எறும்பளவு தெரிந்த ஆளைக் காட்டி, "எங்க நைனா இது" என்றார்.

4. முகத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னார்.

மரத்தின் உயரம் தெரிய, அடியில் ஓர் ஆளைக் கோலோடு நிறுத்துவது அக்காலப் படக்காரர்களின் வழக்கம். அந்த ஸ்டூடியோவுக்காக அந்த வேலைக்குப் போன பயணம் ஒன்றில்தான் அவருடைய தந்தை காட்டிலிருந்து திரும்பவில்லை. இவர் அப்போது தாயின் வயிற்றில். தந்தையின் முகத்தைப் பார்த்ததே இல்லை.

"கையப் பாரும்மா, ஆறு வெரலு இருக்கும். எனக்கும் கீது" என்று இடக்கையை மேசைமேல் வைத்தார்.

இருட்டறையில், சிவப்பு விளக்கின் கீழ், தாளை மருந்தில் இட்டேன். முதலில் மரம் வந்தது. பிறகு கோல், அதைப் பிடித்திருந்த கை. ஆறு விரல். பிறகு முகம். கண்கள் மட்டும் வரவில்லை. பயிற்சியில் படித்த காரணம்தான்: அந்நாளில் லென்ஸ் மூடியை வெகுநேரம் திறந்து வைப்பார்கள், நிற்பவர் இமைத்துக்கொண்டிருந்தால் கண் பதியாது. அது தெரிந்தும் மற்றத் தகடுகளை எடுத்துப் பார்த்தேன். எல்லாக் காடுகளிலும் அதே ஆள், அதே வெற்றுக் கண். தகட்டை எப்படிச் சாய்த்தாலும் என் பக்கமே பார்த்தார்.

படத்தில் கண் வரைவதைக் கடையில் 'கண் திறப்பது' என்போம். முதலாளி, "தெறந்து குடுத்துடும்மா. ஸ்தபதி கல்லுக்கே தெறக்கறாரு, நீ தாளுக்குத் தெறக்க மாட்டியா?" என்றார்.

"என் கண்ணப் பாத்துப் போடு. அப்டியே நைனா ஜாடைன்னு அம்மா சொல்லும்" என்று பெரியவர் எதிரே உட்கார்ந்தார்.

மெல்லிய தூரிகையால் இரண்டு கண்களையும் எழுதிப் படத்தை நீட்டினேன். அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னாம்மா, என்னையக் கொண்டுபோய்க் காட்டுல நிக்க வெச்சிட்ட." குரல் இறங்கியிருந்தது. "நைனா பூட்டாரு. அழிச்சிடு."

ஈரப் பஞ்சால் துடைத்தேன். கண்கள் கரைந்து போயின.

"ஆங்" என்றார் பெரியவர். "வந்துட்டாரு."

அந்தப் படம் இப்போது சைதாப்பேட்டையில் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. தகடுகள் இருட்டறை அலமாரியில் இருக்கின்றன. முகப்பில் வைத்திருந்ததை எடுத்துவிட்டோம். அந்த இடத்தில் வேறு படம் வைக்கவில்லை.